சீட்டில் இருந்த மூன்று எழுத்துகள்

அந்தத் துண்டுச் சீட்டில் மூன்று பேருக்கு மூன்று எழுத்துகள் இருந்தன. மச்சானுக்கு ஏ. அக்காவுக்கு பி. அவர்கள் பையனுக்கு ஓ. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் எங்கள் குடும்பத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அத்தை, மச்சான், அக்கா மூவரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் உரக்கப் படித்தேன். படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கலாம் என்று அடுத்த நிமிடம்தான் தோன்றியது.

"ஆத்தாளுக்கு ஒண்ணு, அப்பனுக்கு ஒண்ணு, பிள்ளைக்கு வேறயா?" என்று அத்தை கேட்டாள்.

"ஆமா அத்தை."

"ரெண்டும் இல்லாம மூணாவதா?"

"ஆமா."

அத்தை அதற்கு மேல் என்னிடம் கேட்கவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா கையில் பையனின் பால் டம்ளர் இருந்தது. அதைக் கழுவப் போகிறவள் போல நின்றாள், போகவில்லை.

என் அக்காவைக் கட்டியவர் எங்கள் அப்பாவின் கூடப் பிறந்த அக்காள் மகன். எங்களுக்கு ஊர் அகரம். அத்தைக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் கனகாம்பரமும் தக்காளியும் போடுகிற இரண்டு ஏக்கர். மாமா இறந்த பிறகு அந்த வீட்டில் அத்தை சொல்வதுதான் நடக்கும். தம்பி மகளைக் கேட்டு வந்தபோது அத்தை பெண் கேட்கிற தோரணையில் வரவில்லை, வைத்துவிட்டுப் போன பொருளை எடுக்க வந்தவள் போல வந்தாள். "வெளியில போயி என்ன ரத்தமோ என்ன வழியோன்னு எதுக்கு? நம்ம ரத்தம் நம்ம வீட்டுக்குள்ளயே கெடக்கட்டும்" என்றாள். பத்து வயதில் தாயில்லாமல் போன அப்பாவை வளர்த்தவள் அவள். அவள் முன்னால் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஒரே ரத்தம் என்று சொல்வதை நான் வெறும் பேச்சாக நினைத்திருந்தேன். அத்தைக்கு அது பேச்சு இல்லை. மாமன் மகளும் அத்தை மகனும் ஒரே ரத்தம் என்றால், எடுத்துப் பார்த்தாலும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இங்கே மகனுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று. அதையாவது பொறுத்துக்கொள்வாள். பேரனுக்கு இரண்டும் இல்லை.

இதில் என் பங்கும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திண்டுக்கல் கல்லூரியில் விலங்கியல் முதல் வருடம் படித்தபோது, ஒரு நாள் எங்கள் விரலைக் குத்தி ரத்தப் பிரிவு பார்த்தார்கள். வெள்ளைப் பீங்கான் ஓட்டின் இரண்டு குழிகளில் இரண்டு சொட்டு ரத்தம். ஒன்றில் நீல மருந்து, ஒன்றில் மஞ்சள் மருந்து. நீலத்தில் ரத்தம் பால் திரிவது போலத் திரிந்தால் ஏ. மஞ்சளில் திரிந்தால் பி. இரண்டிலும் திரிந்தால் ஏபி. இரண்டிலும் திரியாவிட்டால் ஓ. எனக்கு ஓ. பிரிவு பெற்றோரிடமிருந்து வருகிறது என்று சொல்லி அன்றைக்கு வகுப்பை முடித்துவிட்டார்கள். எப்படி வருகிறது என்பது பொங்கல் விடுமுறைக்குப் பிறகு நடக்க இருந்த பாடம்.

பொங்கலுக்கு எல்லோரும் அத்தை வீட்டில் கூடியிருந்தோம். ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. என் ரத்தம் ஓ என்று பரிசு வாங்கினவன் போலச் சொன்னேன். அது எங்கிருந்து வந்தது என்று அத்தை கேட்டாள். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பிள்ளைக்கு ஒண்ணு அப்பன் ரத்தம் வரும், இல்லாட்டி ஆத்தா ரத்தம் வரும். மூணாவது வராது" என்றேன்.

"பாத்தியா, எந்தம்பி மகன் சொல்றான்" என்று அத்தை அதை அந்தத் தெரு முழுக்கச் சொன்னாள். நான் தடுக்கவில்லை. விடுமுறை முடிந்து அடுத்த பாடத்தைப் படித்தபோது நான் சொன்னது தப்பு என்று தெரிந்தது. திரும்பப் போய் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அது யாருக்கு என்ன செய்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் மாசியில் அது திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது.

பையனுக்கு நான்கு வயது முடிந்திருந்தது. மண் தின்கிற பழக்கம். வயிறு மட்டும் உப்பி, கையும் காலும் மெலிந்து, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. டாக்டர் அவன் கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பு என்று ஒன்றுமே இல்லை. வயிற்றில் கொக்கிப்புழு, இருக்கிற ரத்தத்தையெல்லாம் அது குடித்துவிட்டது, ரத்தம் ஏற்றியாக வேண்டும் என்றார். பையனுக்கும் பெற்றவர்களுக்கும் விரலில் குத்திப் பார்த்தார்கள். சீட்டு வந்தது.

"ஓ பிரிவு ஆள்தான் வேணும். யாராச்சும் இருக்கீங்களா?" என்று ரத்தம் பார்க்கிறவர் சன்னல் வழியாகக் கேட்டார்.

"நான் இருக்கேன் சார்" என்றேன்.

பையனின் ரத்தத்தோடு என்னுடையதைக் கலந்து பார்த்து, சேருகிறது என்றார். எனக்கு அப்போது ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கவில்லை. பிள்ளைக்குத் தாய்மாமன் நான். காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார வேண்டும். அந்த வைகாசியில் காது குத்தலாம் என்று அத்தை பேசிவைத்திருந்தாள். ஊசி ஏறி, குழாய் வழியாக ரத்தம் கண்ணாடிப் பாட்டிலுக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வெளியே நடையில் அத்தை யாரிடமோ சொன்னது கேட்டது.

"தாய்மாமன் ரத்தம் சேருது. பெத்த அப்பன் ரத்தம் சேரலே. அம்புட்டும் அந்தப் பக்கத்து ரத்தம்தான் இருக்கு பிள்ளைகிட்ட. எம்மகன் பக்கம் ஒண்ணுங் காணோம்."

கையை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அசைக்காமல் கிடந்தேன்.

பாட்டில் பையனுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் அத்தை வந்தாள். சத்தம் போடவில்லை. தூக்குவாளியைத் திறந்து அக்காவுக்குச் சோறு போட்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தையும் வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பிள்ளை எந்திரிச்சதும் நீ இங்கிருந்து நேரா உங்கப்பன் வீட்டுக்குப் போத்தா. காதுகுத்து இப்ப வேணாம்."

"எதுக்கு அத்தை?"

"எதுக்குன்னு உந்தம்பிகிட்டக் கேளு. அவன்தான படிச்சவன்."

அக்கா என்னைப் பார்த்தாள். மச்சான் சன்னல் பக்கம் நின்றிருந்தார். ஏதாவது சொல்வார் என்று இருவரும் அவரையும் பார்த்தோம். அவர் "ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று வெளியே போனார். போனவர் பொழுது சாய்ந்துதான் வந்தார்.

அக்கா அந்தச் சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் நான் அத்தையையும் மச்சானையும் நடையில் உட்கார வைத்துப் பேசினேன். பொங்கலுக்கு நான் சொன்னது தப்பு என்றேன். பாதி பாடத்தைக் கேட்டுவிட்டு முழுதும் தெரிந்தவன் போலச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"அப்ப பாதி படிச்ச. இப்ப முழுசாப் படிச்சியா?" என்றாள் அத்தை.

"படிச்சேன்."

"அக்காளுக்கு ஏத்தாப்புலயா?"

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்குகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று அவர்கள் வீட்டு ஆடுகளை எடுத்துக்கொண்டேன். "மச்சான், நம்ம கருப்பு வெள்ளாடு, கருப்புக் கிடாயோடதான் சேந்துச்சு. போன ஈத்துல செவலைக் குட்டி போடலியா? ரெண்டுக்கும் உள்ளுக்குள்ள செவலை இருந்திருக்கு. வெளியில தெரியலே. அது மாதிரிதான் இதுவும்."

நல்ல உதாரணம் சொன்னேன் என்று எனக்குத் தோன்றியது. மச்சான் கூட நிமிர்ந்து பார்த்தார்.

அத்தை வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள். "அந்த ஆடு மேயப் போன எடத்துல எந்தக் கிடாயோட போச்சுன்னு நீ கூடப் போயிப் பாத்தியா அப்பு?" என்றாள்.

நடையில் நின்ற பக்கத்துக் கட்டில்காரிகள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா உள்ளே இருந்தாள், அவளுக்கும் கேட்டிருக்கும். மச்சான் எழுந்து போய்விட்டார். அந்த உதாரணத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சிரிப்பாவது இருந்திருக்காது.

அன்று மதியம் கல்லூரிக்குப் பின்னால் இருந்த என் அறைக்கு ஓடினேன். நோட்டை எடுத்து, பொங்கல் விடுமுறைக்கு அடுத்த பக்கத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு பங்கு. ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தகப்பன் கொடுத்தது. ஏயும் பியும் வெளியே தெரியும். ஓ அவற்றோடு சேர்ந்தால் தெரியாது, உள்ளே இருக்கும். தாயிடமிருந்து ஒரு ஓ, தகப்பனிடமிருந்து ஒரு ஓ என்று இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளை ஓ ஆகும். அக்கா பெற்றவள், அவளைப் பற்றிக் கேள்வி இல்லை. கேள்வியெல்லாம் ஒன்றுதான். ஏ பிரிவான மச்சானுக்குள் ஒரு ஓ மறைந்திருக்கிறதா?

இருக்கலாம். இருக்கலாம் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். அத்தையிடம் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மச்சானுக்கு ஒரு பங்கு கொடுத்தவள் அத்தை. அத்தையின் பிரிவு தெரிந்தால்? நான்கு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். அத்தை ஓ என்றால், அவள் கொடுத்தது ஓதான், முடிந்தது. அத்தை பி என்றாலும் முடிந்தது. பியைக் கொடுத்திருந்தால் மச்சான் ஏபி ஆகியிருப்பார், வெறும் ஏ ஆக இருக்க முடியாது; அப்போதும் அவள் கொடுத்தது ஓதான். ஆனால் அத்தை ஏ என்றோ ஏபி என்றோ வந்தால், எதுவும் நிச்சயமாகாது. அக்கா மேல் தப்பு என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. அத்தை அதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு வழி நல்லது, இரண்டு வழி கெட்டது. அக்காவின் வாழ்க்கையை அதில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். அத்தையின் ரத்தத்தைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். பூ எடுத்து முடித்து, கொண்டுவந்து கடையில் போட்டுவிட்டு அப்படியே வந்திருந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அத்தை எதிரில் நின்றார். அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டே நின்றார். அக்கா அவரைப் பார்க்கவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் டாக்டர் வந்து பையனின் இமையை இழுத்துப் பார்த்தார். தேறியிருக்கிறான், ஆனாலும் அடுத்த வாரம் இன்னொரு முறை ஏற்ற வேண்டியிருக்கும், ஆளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு முறை கொடுத்துவிட்டதால் என்னிடம் அதற்குள் மறுபடி எடுக்க மாட்டார்கள்.

அத்தை எழுந்தாள். "எங்கிட்டப் பாக்கச் சொல்லு" என்றாள்.

நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"எம்பேரன்னா எங்கிட்ட உள்ளது சேரட்டும். சேந்துருச்சுன்னா நான் வாயத் தொறக்கலே. நானே தூக்கிட்டுப் போறேன் வீட்டுக்கு. சேரலேன்னா, தம்பி, நீ உம்மகளக் கூட்டிட்டுப் போ."

"அத்தை, அப்படிப் பாக்கக் கூடாது" என்றேன். "உன்னோடது சேரலேன்னாலும் அதுக்கு அர்த்தம் அது இல்ல. பாட்டியோடது பேரனுக்குச் சேரணும்னு கட்டாயமே கெடையாது."

"பாத்தியா. நேத்துவரைக்கும் பேசிப் பேசிப் பாத்தான். சோதிக்கலாம்னதும் வேணாங்குறான்."

"பயந்து சொல்லலே..."

"மூஞ்சியப் பாத்தாத் தெரியலியா?"

என் முகத்தில் பயம் இருந்தது உண்மைதான். நான் மறுக்க மறுக்க அக்காவுக்கு எதிராக நானே சாட்சி சொல்வது போல் ஆயிற்று. அப்போது அக்கா, மூன்று நாளில் முதல் முறையாக, சத்தமாகப் பேசினாள்.

"எடுக்கட்டும்."

சன்னலுக்கு உள்ளே ரத்தம் பார்க்கிறவர் அத்தையின் விரலைக் குத்தினார். அத்தை முகம் சுளிக்கவில்லை. வெள்ளை ஓட்டில் இரண்டு சொட்டு வைத்தார். ஒன்றில் நீல மருந்து, ஒன்றில் மஞ்சள் மருந்து. குச்சியால் கலக்கினார். ஓட்டைக் கையில் எடுத்து மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்தார். எனக்கு நீலக் குழிதான் கண்ணில் இருந்தது. அது திரியக் கூடாது. மஞ்சளில் என்ன வேண்டுமானாலும் ஆகட்டும், நீலம் மட்டும் திரியக் கூடாது. மச்சான் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவது காதில் கேட்டது.

நீலக் குழியில் ரத்தம் வழவழவென்று அப்படியே ஓடியது. மஞ்சள் குழியில் ஓரத்திலிருந்து சிறுசிறு துணுக்காகத் திரிந்து பிரிந்தது.

"பி" என்றார் அவர். "பிள்ளைக்கு ஆகாதும்மா."

"சேரலியா?"

"சேராது."

அத்தை விரலை முந்தானையில் துடைத்தாள். "கேட்டியா தம்பி" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தன் பையை எடுக்கப் போனாள். அப்பா துண்டை மடித்தார். அக்கா சுவரில் சாய்ந்தாள்.

பி என்று வந்தால் என்ன என்பதை அறையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தவன் நான். அந்த நொடியில் அது நினைவில் இல்லை. சேராது என்ற சொல்தான் காதில் நின்றது. கையில் இருந்த நோட்டைத் திறக்கக்கூடத் தோன்றவில்லை. அத்தை நாலடி போன பிறகுதான் புத்தி வந்தது.

"அத்தை, நில்லு. செத்த நேரம். ஒரே ஒரு கேள்வி. மச்சானைப் பெத்தது நீதான?"

அத்தை திரும்பினாள். "ஏலே, என்னடா கேக்குற?"

"ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு பங்கு இருக்கு. மச்சானுக்கு ஒண்ணு மாமா குடுத்தது. ஒண்ணு நீ குடுத்தது. உன் ரத்தம் மஞ்சள்ல திரிஞ்சுது. இப்பப் பாத்தியே. நீ அதை மச்சானுக்குக் குடுத்திருந்தா அவர் ரத்தமும் மஞ்சள்ல திரியணும். முந்தாநாள் பாத்தப்ப திரியலே. நீலத்துல மட்டும்தான் திரிஞ்சுது. அது மாமா குடுத்தது. அப்ப நீ என்ன குடுத்த?"

அத்தை ஒரு அடி திரும்பி வந்தாள்.

"எதுலயும் திரியாதது ஒண்ணு குடுத்திருக்கே. ஓ. உனக்குள்ள வெளிய தெரியாமக் கெடந்துச்சு, மச்சானுக்குள்ளயும் தெரியாமக் கெடந்துச்சு. அவர் அதைப் பிள்ளைக்குக் குடுத்தாரு. அக்காளும் ஒண்ணு குடுத்தா. ரெண்டும் சேந்து இப்பத் தெரியுது. பிள்ளைகிட்ட இருக்கறதுல ஒரு பங்கு உன்னோடது."

அத்தை என்னை விட்டுவிட்டுச் சன்னலைப் பார்த்தாள். என்னைச் சேராத ஒருவர் சொன்னால்தான் அவளுக்கு ஆகும். ரத்தம் பார்க்கிறவர் ஓட்டைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "தம்பி சொல்றது சரிதாம்மா. உங்க மகன் ஏ, நீங்க பி. அவரு உள்ளுக்குள்ள ஓ இல்லாம இருக்க முடியாது" என்றார்.

அத்தை நடைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் குத்திய விரலையே பார்த்தாள். "எங்கப்பனுக்கு இருந்திருக்குமோ?" என்றாள் அப்பாவிடம். அப்பாவுக்கு என்ன தெரியும்? "இருந்திருக்கும்க்கா" என்றார். வந்ததிலிருந்து அவர் பேசியது அதுதான்.

அவள் எழுந்து உள்ளே போய்ப் பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக என்னிடம், "வைகாசிக்கு மாமன் சீருக்குச் சட்டை எடுத்து வச்சிரு. அளவு பெருசா எடு, பிள்ளை தேறிருவான்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. அக்காவிடம் ஓடினேன். அவள் குழாயடியில் அந்த டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, முடிஞ்சிருச்சு" என்றேன்.

"நீலத்துல திரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"அப்பவும் தப்பு இல்லேன்னுதான் சொல்லியிருப்பேன். அதனால ஒண்ணும் நிரூபணம் ஆகாதுன்னு..."

"கேட்டிருப்பாகளா?"

அவள் டம்ளரை இரண்டாம் முறையும் கழுவினாள்.

"அந்த ஓட்டுல எது திரிஞ்சாலும் நான் அதே ஆள்தான" என்றாள்.

அடுத்த வாரம் என் வகுப்புத் தோழன் ஒருவன் வந்து ரத்தம் கொடுத்தான். அவனும் ஓ. பையனின் உதடு சிவந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, ரெட்டியார்சத்திரம் பஸ்ஸுக்கு மச்சான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ் நிலையத்தில் அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனாள்.

"எங்க போற?" என்றார் மச்சான்.

"எங்கப்பன் வீட்டுக்கு. போகச் சொன்னாகல்ல."

"அதான் சரியாயிருச்சே."

"ஒங்கம்மாவுக்குச் சரியாயிருச்சு. நீங்க டீ குடிக்கப் போனீகளே, அது எனக்கு இன்னும் சரியாகலே."

மச்சான் ஆறாம் நாள் அகரத்துக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்று நானும் ஊரில் இருந்தேன். அக்கா வாசலில் உட்கார்ந்து பூக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொன்னாள், எழுந்திருக்கவில்லை. அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கேட்காமலே ஒரு கை பூவை அள்ளி, காம்பு முறிந்ததைத் தனியே போட ஆரம்பித்தார். கூடை காலியாகும்வரை இருவரும் பிரித்தார்கள். அதன் பிறகு அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கேட்கிற தூரத்தில் நிற்கக் கூடாது என்று நான் உள்ளே போய்விட்டேன்.

சாயங்கால பஸ்ஸுக்குப் பையனோடு மூவரும் ரெட்டியார்சத்திரம் போனார்கள்.